ஐந்து வெள்ளிக்கு ஐந்து நிமிடம்: ஷட்டில் தெப்ராவ் ரயில் யாருக்குக் கட்டும்?

ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை. இப்படி வாழ்பவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பாலம் தாண்ட எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். 1924-இல் திறந்த ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதைத் தாண்ட நல்ல நாளில் முக்கால் மணி நேரம், கெட்ட நாளில் இரண்டு மணி நேரம், தீபாவளிக்கு முந்தின நாளில் கேட்கவே வேண்டாம்.

இந்த நெரிசலுக்குள் மாட்டாமல் போகும் ஒரே பொதுப் போக்குவரத்து, மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம் நடத்தும் ஷட்டில் தெப்ராவ் ரயில். ஜேபி (ஜொகூர் பாரு) சென்ட்ரல் நிலையத்தில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் சிங்கப்பூரின் வுட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடி. 2011 ஜூலை 1-ஆம் தேதியோடு சிங்கப்பூர் நகருக்குள் இருந்த தஞ்சோங் பகார் நிலையத்துக்கு ரயில் போவது நின்று, வுட்லண்ட்ஸ் கடைசி நிலையமானது. 2015 ஜூலை 1 முதல் நெடுந்தூர ரயில்களும் ஜேபி சென்ட்ரலோடு நின்றுகொள்ள, மிச்சமிருந்த அந்தத் துண்டுப் பாதைக்காகப் பிறந்தது இந்த ஷட்டில். கொரோனா காலத்தில் நின்று, 2022 ஜூன் 19-இல் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

ஐந்து நிமிடம் என்ற விளம்பரத்தை நம்பி இந்த ரயிலை எடை போடக் கூடாது. வண்டி ஓடும் நேரம் யாருக்கும் பிரச்சினை இல்லை. வண்டிக்கு முன்னும் பின்னும் நிற்கும் வரிசைதான் பிரச்சினை. அந்த வரிசை காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி. இதைப் புரிந்துகொண்டால் எப்போது டிக்கெட் வாங்கலாம், எப்போது பஸ்ஸே போதும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

காலையில் ஜேபி சென்ட்ரலில் மலேசியக் குடிநுழைவை முடித்துக்கொண்டு வண்டி ஏற வேண்டும். வுட்லண்ட்ஸில் இறங்கியதும் சிங்கப்பூர்ச் சோதனை. ஒரு வண்டியில் 320 பேர் வரை வருவார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். முதல் ஐம்பது பேருக்குள் நிற்பவர் சில நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். கடைசி ஐம்பது பேர் இருபது முப்பது நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். ஐந்து நிமிடப் பயணத்தில் உட்கார இடம் தேடுவது வீண் வேலை. இரண்டு மூன்று தடவை போனாலே வெளியேறும் வழி எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வருகிறது என்று பிடிபட்டுவிடும். அந்தப் பெட்டியில் கதவோரமாக நின்றுகொள்வதுதான் பழகியவர்களின் வழக்கம்.

மாலையில் கதை தலைகீழ். வுட்லண்ட்ஸில் ரயில் ஏறுவதற்கு முன்பே சிங்கப்பூர்ச் சோதனை, அடுத்த சில அடியில் மலேசியச் சோதனை, இரண்டும் முடிந்துவிடும். ஜேபி சென்ட்ரலில் இறங்கினால் நேராக வெளியே நடக்கலாம், அங்கே வரிசையே கிடையாது. பஸ்ஸில் வருபவர் வுட்லண்ட்ஸில் ஒரு வரிசை, பாலத்தில் நெரிசல், ஜொகூர் பக்கச் சோதனைச் சாவடியான சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் இன்னொரு வரிசை என மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். மாலை ரயிலுக்குக் கொடுக்கும் காசில் முக்கால்வாசி இதற்காகத்தான்.

அந்தக் காசைப் பற்றி: நம் பேச்சு வழக்கில் ரிங்கிட்டும் வெள்ளி, சிங்கப்பூர் டாலரும் வெள்ளி. போகவும் ஐந்து வெள்ளி, வரவும் ஐந்து வெள்ளி என்றால் நியாயமாகத்தான் படும். ஆனால் ஜேபியிலிருந்து போகும் ஐந்து மலேசிய வெள்ளி, திரும்பும் ஐந்து சிங்கப்பூர் வெள்ளி. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகும் காலத்தில், அதே தண்டவாளத்தில் அதே ஐந்து நிமிடத்துக்கு, வீடு திரும்புவதற்கு மூன்று மடங்குக் கட்டணம். இரண்டு டிக்கெட்டையும் ஜேபியில் உட்கார்ந்து வாங்கினாலும் தப்ப முடியாது; எங்கே ஏறுகிறோம் என்பதை வைத்துத்தான் விலை. மாதம் 22 நாள் வேலை என்றால் போக 110 ரிங்கிட், வர 110 சிங்கப்பூர் வெள்ளி. வெள்ளிக்கு 3.20 என்று வைத்தால் வரும் செலவு மட்டும் 352 ரிங்கிட், மொத்தம் 462. பஸ்ஸில் இதில் பாதிகூட ஆகாது. கிடங்கிலோ துப்புரவு வேலையிலோ இருப்பவருக்கு இது கணிசமான தொகை. ஆகவே பலர் செய்வது: காலையில் ரயில், மாலையில் பஸ், வெள்ளிக்கிழமை மாலை மட்டும் ரயில். காசுக்குப் பார்த்தால் இந்தக் கலவைதான் சரி. காலை ஐந்து ரிங்கிட் டிக்கெட்டைவிட மலிவாகத் தூக்கமும் நிம்மதியும் எங்கும் விற்பதில்லை.

ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டுமே! கேடிஎம் நிறுவனத்தின் கேடிஎம்பி செயலியிலோ இணையத்தளத்திலோ முன்கூட்டியே எடுக்க வேண்டிய டிக்கெட் இது. வுட்லண்ட்ஸ் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவது, கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சமையல்காரர் தேடுவது மாதிரி. வேலை நாட்களில் காலை 6 மணியிலிருந்து 7.30 வரையுள்ள வண்டிகளும், வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி விடுமுறை, பண்டிகைக்கு முந்தின நாள் வண்டிகளும்தான் முதலில் தீரும். தீர்ந்துவிட்டது என்று காட்டினாலும் உடனே கைவிட வேண்டாம். யாரோ இருக்கையைப் பிடித்து வைத்து, பணம் கட்டாமல் விட்டால் சில நிமிடத்தில் அது திரும்பி வரும். முந்தின இரவு இரண்டு மூன்று முறை தட்டிப் பார்ப்பவருக்குப் பல நேரம் ஒன்று சிக்கும்.

டிக்கெட்டில் அடிக்கடி நடக்கும் தவறு கடப்பிதழ் எண்ணில். பெயரோடு கடப்பிதழ் எண்ணும் அது காலாவதியாகும் தேதியும் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். செயலியில் பயணி விவரத்தை ஒருமுறை சேமித்துவிட்டு, கடப்பிதழைப் புதுப்பித்த பிறகும் பழைய எண்ணிலேயே டிக்கெட் எடுத்துக்கொண்டிருப்பார்கள். புதுக் கடப்பிதழ் கைக்கு வந்த அன்றே செயலியில் மாற்றுங்கள். கூடவே, சிங்கப்பூரில் வேலை அனுமதி உள்ளவர்கள் புது எண்ணை முதலாளி வழியாக மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வுட்லண்ட்ஸ் தானியங்கி வழி கதவைத் திறக்காது, முகப்பில் அதிகாரி இருக்கும் வரிசைக்குத் திரும்பிப் போக வேண்டும். அதற்குள் கூட வந்த 300 பேரும் முன்னால் நிற்பார்கள். கடப்பிதழுக்குப் போட்ட தோலுறையை வரிசையில் நிற்கும்போதே கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதும் நல்லது. உறையோடு போராடும் ஒருவரால் பின்னால் நிற்கும் இருபது பேர் தாமதமாவது தினசரிக் காட்சி.

வண்டி புறப்பட 10 நிமிடம் இருக்கும்போதே நுழைவாயிலை மூடிவிடுவார்கள். 6.30 வண்டிக்கு 6.22-க்கு ஓடி வருபவர், வண்டி கண்ணெதிரே நிற்பதைப் பார்த்துக்கொண்டே வெளியே நிற்க வேண்டியதுதான். இதில் கெஞ்சல் எடுபடாது. வரிசையோடு சேர்த்து அரை மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஆக, ஐந்து நிமிடப் பயணத்தின் உண்மையான நீளம், ஜேபி சென்ட்ரல் வாசலிலிருந்து வுட்லண்ட்ஸ் வாசல் வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். பஸ் நல்ல நாளில் இதைவிட வேகம். ஆனால் ரயிலின் ஒரு மணி நேரம் எப்போதும் ஒரு மணி நேரம்தான். பஸ்ஸின் முக்கால் மணி நேரம் எந்த நாளில் இரண்டு மணியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அட்டையை 8.30-க்குள் தட்டியே ஆக வேண்டிய வேலையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம்தான் பெரிது.

நேரப்பட்டியல்தான் இந்தச் சேவையின் பெரிய குறை. ஜேபியிலிருந்து அதிகாலை 5 மணிக்கு முதல் வண்டி, பிறகு 7.30 வரை அரை மணிக்கு ஒன்று. அதுவரை சரி. பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விழுகிறது. எதிர்த் திசையிலோ காலை எட்டரைக்கு முன் வண்டியே இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து காலை 7 மணிக்கு வெளியே வரும் பாதுகாவலரும் தாதியும் இந்த ரயிலைக் கண்ணால் பார்க்கலாம், ஏற முடியாது. மாலையிலும் 5.30, 6.45, 8 மணி என்று ஒன்றேகால் மணிக்கு ஒரு வண்டிதான். 6 மணிக்கு வேலை முடிந்து ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து கிளம்புபவருக்கு 6.45 எட்டாது, 8 மணி வண்டிக்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளம், டீசல் எஞ்சின், முந்நூறு பேரை இரண்டு நாட்டுச் சோதனையும் செய்து ஏற்ற வேண்டும் என்ற நிலையில் இதைவிட நெருக்கமாக ஓட்டுவது லேசல்ல. காரணம் புரிகிறது, காத்திருப்பு குறையவில்லை. அட்டவணை மாறக்கூடியது, ஆகவே டிக்கெட் எடுக்கும்போது அன்றைய நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வுட்லண்ட்ஸ் பக்கம் இன்னொரு சிக்கல். ரயில் சோதனைச் சாவடியும் வுட்லண்ட்ஸ் எம்ஆர்டி நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. நடந்தால் அரை மணி நேரம் எடுக்கும், ஆகவே பஸ் பிடிக்க வேண்டும். காலையில் 320 பேரும் அதே நிறுத்தத்துக்குத்தான் வருவார்கள், முதல் பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். நகர மையத்தில் வேலை என்றால் இறங்கிய நேரத்தோடு இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்வது பத்திரம். கிராஞ்சி, ஜூரோங் பக்கம் வேலை என்றால் ரயிலால் பெரிய லாபமில்லை. கிராஞ்சிக்கு 170எக்ஸ், ஜூரோங்குக்கு 160 என நேராகவே பஸ் இருக்கிறது.

பஸ் எடுப்பவர்களுக்குச் சில வார்த்தை. வுட்லண்ட்ஸுக்கு 950. சிங்கப்பூரின் குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஜேபியின் லார்க்கின் பஸ் நிலையம் வரை 170-உம், காஸ்வே லிங்க் மஞ்சள் பஸ்ஸும் போகும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புபவர்களுக்கு இதுதான் வசதி. சோதனைச் சாவடியில் இறங்கும்போது பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது, அந்தப் பஸ் காத்திருக்காது. சோதனை முடிந்ததும் அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸில் ஏறலாம். காகித டிக்கெட் கொடுக்கும் பஸ்ஸில் அதைத் தொலைத்தால் மறுபடி காசு. அட்டை தட்டும் பஸ்ஸில் முதலில் தட்டிய அதே அட்டையைத்தான் கடைசிவரை தட்ட வேண்டும். கைப்பேசியில் ஒருமுறை, அட்டையில் ஒருமுறை என்று மாற்றினால் இரண்டு தனிப் பயணமாகக் கணக்கு ஏறும். நெரிசல் முற்றிய நாளில் பஸ்ஸை விட்டிறங்கிப் பாலத்தில் நடப்பவர்கள் உண்டு. லாரிப் புகைக்கும் மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கும் நடுவே அப்படி நடப்பதைப் பரிந்துரைக்க முடியாது.

ரயிலோ பஸ்ஸோ, பையில் மின்சிகரெட் இருந்தால் நாள் அங்கேயே முடிந்துவிடும். சிங்கப்பூரில் அதற்கு முழுத் தடை. சாதாரண சிகரெட்டுக்கும் வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் அறிவிக்க வேண்டும்.

வார இறுதியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு மாலை ரயிலில் ஒரு கூடுதல் லாபம். 2025 டிசம்பரிலிருந்து இடிஎஸ் மின்ரயில் ஜேபி சென்ட்ரலுக்கே வருகிறது. ஷட்டிலில் இறங்கி அதே நிலையத்தில் கோலாலம்பூர் வண்டி ஏறலாம், லார்க்கின் போய் விரைவுப் பஸ் தேட வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள். ஷட்டில் ஒன்று தாமதமானால் அதே பாதையில் ஓடும் அடுத்த வண்டியும் தாமதமாகும்.

இந்த ரயிலுக்கு ஆயுள் அதிகமில்லை. புக்கிட் சாகாரிலிருந்து வுட்லண்ட்ஸ் நார்த்துக்கு இரு நாட்டையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் விரைவு ரயில் பாதை 2026 டிசம்பருக்குள் ஓடத் தொடங்கும் என்பது திட்டம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம், இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே, இரு திசையிலும். அது தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும். இப்போது ஜேபியில் வாடகை வீடு தேடுபவர்கள் பயப்பட ஒன்றுமில்லை, புக்கிட் சாகாரும் ஜேபி சென்ட்ரலும் அக்கம்பக்கம்தான். மாறப்போவது சிங்கப்பூர்ப் பக்கம்: வுட்லண்ட்ஸ் நார்த்தில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் எம்ஆர்டி தடம் காலடியிலேயே இருக்கும், ஆர்ச்சர்ட் வரை தடம் மாற வேண்டாம். வேலை மாற்ற நினைப்பவர்கள் அந்தத் தடத்தின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விண்ணப்பம் போடலாம்.