விரல்நுனியில் மன அழுத்தம்: ஒளிப்படமா, எலக்ட்ரோடா, இல்லை எச்சிலா?

விரல்நுனியைப் படம் பிடித்தே மன அழுத்தத்தை அளந்துவிடலாம் என்று ஜிடிவி (GDV, மின்துடிப்பில் விரலைச் சுற்றி எழும் ஒளியைப் படமெடுப்பது) கருவியைச் சிபாரிசு செய்பவர்கள் இருக்கிறார்கள். 1939ல் கிராஸ்னோடாரில் செம்யோன் கிர்லியன் தொடங்கிவைத்த வழிதான் இது, 1990களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கான்ஸ்டன்டின் கொரோட்கோவ் அதை கம்ப்யூட்டரோடு இணைத்தார். கண்ணாடித் தட்டில் விரலை வைத்ததும் பல ஆயிரம் வோல்ட் துடிப்பு பாயும், விரலைச் சுற்றிய காற்று நீலமாக ஒளிரும், அந்த ஒளியின் பரப்பையும் ஓரத்தின் ஒழுங்கையும் வைத்து மென்பொருள் ஓர் அழுத்த எண்ணைச் சொல்லும். பத்து விரலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும், வசதிதான்.

ஆனால் அந்த ஒளி எதனால் மாறுகிறது? 1976லேயே பெஹெக், கைலர், ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள்: முக்கியக் காரணம் ஈரம். ஜிடிவி பயன்படுத்துபவர்களே வியர்வையைத் தடுக்க விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைக்கிறார்கள், படலம் இல்லாமல் எடுத்த படம்தான் மனநிலையைக் காட்டும் என்கிறார்கள். அப்படியென்றால் மனநிலை என்று அவர்கள் காட்டுவதில் பெரும்பங்கு வியர்வையாகத்தானே இருக்க வேண்டும்?

வியர்வைதான் வேண்டுமென்றால் அதை நேராகவே அளக்கலாம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இரண்டு எலக்ட்ரோடு, அரை வோல்ட், அவ்வளவுதான். உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகளைப் பரிவு நரம்புகள் (பதற்றத்தில் உடலை உசுப்புபவை) இயக்குவதால், திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் ஒன்று முதல் மூன்று நொடிக்குள் தோலின் மின்கடத்தல் ஏறத் தொடங்கும், எவ்வளவு ஏறியது என்பதை மைக்ரோசீமென்ஸ் என்ற மின்கடத்தல் அலகில் எழுதிவைக்கலாம், வேறொரு ஆய்வகமும் அதே அலகில் சரிபார்க்கலாம். குறையும் உண்டு: பயமா உற்சாகமா என்று இது பிரித்துச் சொல்லாது, கை சில்லிட்டிருந்தால் இந்த ஏற்றம் சரியாகத் தெரியாது, சிலருக்கு ஏற்றமே வராது.

எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்ப்பது வேறு ரகம். வேண்டுமென்றே மன அழுத்தத்தை உண்டாக்கிப் பார்க்க 1993ல் வெளிவந்த ட்ரையர் சோதனையில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசச் சொல்லி, அப்புறம் 1022லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்கச் சொல்வார்கள், தப்பினால் முதலிலிருந்து. கார்ட்டிசால் உச்சத்துக்குப் போக இருபது முப்பது நிமிடம் ஆகும், காலையில் இயல்பாகவே அதிகம் என்பதால் பெரும்பாலும் பிற்பகலில்தான் செய்வார்கள். செலவு கூடுதல், நொடிக்கு நொடி பார்க்கவும் முடியாது. ஆனால் மன அழுத்தத்தின் ஹார்மோன் பக்கத்தைக் காட்ட மற்ற இரண்டாலும் முடியாது.

என்னைக் கேட்டால் முதலில் மின்கடத்தல், பணம் இருந்தால் கூடவே கார்ட்டிசால். ஜிடிவி கருவி ஏற்கெனவே கையில் இருந்தால் சரி, பயன்படுத்துங்கள், ஆனால் மறு கையில் எலக்ட்ரோடையும் மாட்டி, வியர்வையின் பங்கைக் கழித்த பிறகும் அந்தப் படம் ஏதாவது சொல்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் அந்த எண்ணை ஆய்வேட்டில் ஏற்றாதீர்கள்.