பாளையங்கோட்டையில் விற்கும் ஆல்டிஹைடு–கீட்டோன் சோதனைப் பெட்டி: வாங்கலாமா?

பிளஸ் டூ கரிமப் பகுப்பாய்வுக்கென்று பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வகப் பொருள் கடையில் கிடைக்கும் பெட்டி இது. உள்ளே சில்வர் நைட்ரேட், ஆல்டிஹைடைச் சோதிக்கும் ஃபெலிங் ஏ, பி கரைசல்கள், ஆல்டிஹைடு, கீட்டோன் இரண்டுக்கும் வீழ்படிவு தரும் 2,4-டிஎன்பி (டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசின்) கரைசல், மாதிரிக்கு பென்சால்டிஹைடு (ஆல்டிஹைடு), அசிட்டோபீனோன் (கீட்டோன்).

டிஎன்பி அருமை. உலர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் என்பதால் கரைசலாகவே கொடுத்திருப்பது நல்ல காரியம். இரண்டு சொட்டு அசிட்டோபீனோனுக்கே ஆரஞ்சு வீழ்படிவு கெட்டியாக இறங்குகிறது. ஃபெலிங்கைக் கலக்காமல் தனித்தனிப் புட்டிகளில் வைத்திருப்பதும் முறைதான்.

செய்முறைத் தாள்தான் கெடுக்கிறது. எல்லா ஆல்டிஹைடும் ஃபெலிங்கில் சிவப்பு வீழ்படிவு தரும் என்று போட்டிருக்கிறார்கள். பென்சால்டிஹைடு தராது. பெட்டியில் இருக்கும் ஒரே ஆல்டிஹைடு அதுதான்! நீலம் மாறவில்லை என்றதும் பிள்ளைகள் கீட்டோன் என்று எழுதிவிடுவார்கள். ஃபெலிங்கைச் செய்துகாட்டக் கொஞ்சம் குளுக்கோஸ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளி ஆடிச் சோதனைக்கு (ஆல்டிஹைடு இருந்தால் குழாயின் உட்சுவரில் வெள்ளி கண்ணாடிபோல் படியும்) 2 மிலி சில்வர் நைட்ரேட்டில் ஒரு சொட்டு 10% சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பழுப்பு வீழ்படிவு வரும். நீர்த்த அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, வீழ்படிவு கரைந்த அந்தச் சொட்டோடு நிறுத்த வேண்டும். கூடிப்போனால் ஆடி சரியாகப் படியாது. பிறகு பென்சால்டிஹைடை விட்டு நன்றாகக் குலுக்குங்கள், அது தண்ணீரில் லேசில் கரையாது. 60 டிகிரி வெந்நீரில் குழாயை அசைக்காமல் வையுங்கள்; தீயில் நேரே காட்டக் கூடாது. குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பளபளப்புக்குப் பதில் கறுப்புத் தூள்தான் மிஞ்சும். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் உப்புத் தண்ணீரில் குழாயை அலசினால் சில்வர் குளோரைடு வெள்ளையாகக் கலங்கும். அதைக் கரைக்க அமோனியாவைக் கூட்டினால் சோதனையும் போச்சு. கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில்தான். மீந்த கலவையைப் புட்டியில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். நாள்பட்டால் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் உருவாகும். உடனே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டுச் செயலிழக்கச் செய்யுங்கள்.

பென்சால்டிஹைடு புட்டியைக் கடையிலேயே திறந்து பாருங்கள். மூடி விளிம்பில் வெள்ளைப் படிகம் இருந்தால் காற்றுப் பட்டு பென்சாயிக் அமிலமாக மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சோடியம் பைகார்பனேட் கரைசலில் சில சொட்டு விட்டு நுரைக்கிறதா என்றும் பார்க்கலாம். நுரைத்தால், ஆல்டிஹைடு கொடுக்கப்பட்ட பிள்ளை அமிலம் என்று விடை எழுதும். வேறு புட்டி கேட்டு வாங்குங்கள், மாற்றித் தராவிட்டால் பெட்டியை விட்டுவிட்டு டிஎன்பியையும் ஃபெலிங்கையும் மட்டும் சில்லறையாக வாங்கிக்கொள்ளலாம்.