ராஜமலை வரையாட்டுப் பயணம்: பார்த்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வியோடு ஒரு மதிப்புரை

மூணாறுக்கு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைப் பகுதியில் கேரள வனத்துறை நடத்தும் பார்வையாளர் சேவையை, இரண்டு முறை சென்று வந்த பிறகு மதிப்பிட்டு எழுதுகிறேன். தமிழ்நாட்டு, கேரள மலைகளில் மட்டுமே வாழும் காட்டு ஆடான நீலகிரி வரையாட்டை இயற்கையான வாழிடத்தில் இவ்வளவு அருகில், இவ்வளவு உறுதியாகப் பார்க்கக் கிடைக்கும் வேறு இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வகையில் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் அங்கே மந்தை மந்தையாக மேயும் ஆடுகளைப் பார்த்துவிட்டு, இந்த இனத்துக்கு இனி ஆபத்து இல்லை என்ற எண்ணத்தோடு மலை இறங்கினால், பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று பொருள். முதல் முறை நான் அப்படித்தான் இறங்கினேன். இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

முதலில் நடைமுறை. மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் பூங்காவின் நுழைவிடம் இருக்கிறது. சொந்த வண்டிகள் அதற்கு மேல் அனுமதிக்கப்படுவதில்லை. வனத்துறையின் சிறு பேருந்தில் ஏறினால், தேயிலைச் சரிவுகள் ஒரு வளைவில் சட்டென்று முடிந்து, பாறையும் புல்லும் தொடங்குகின்றன. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மேலே செல்லும் பாதையில் நடக்க வேண்டும். ஏற்றம் கடுமையானதன்று, அறுபதைக் கடந்த என் மாமியார் நின்று நின்று முழுவதும் நடந்தார். விடுமுறை நாட்களில் நுழைவிடத்தில் வரிசை நீளமாக இருக்கும் என்பதால் முன்பதிவு செய்துகொண்டு, வாரநாளில், முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடிப்பது நல்லது. ஏப்ரலில் பிற்பகல் மழைக்கும் எப்போதும் மூடுபனிக்கும் ஆயத்தமாகச் செல்லுங்கள். நாங்கள் தங்கிய விடுதி ஏற்பாடு செய்து தந்த வண்டியின் ஓட்டுநர், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அந்த அவசரத்துக்கு இடம் கொடுத்தால் வரிசையில் நின்றதும் படம் எடுத்ததும் மட்டுமே நினைவில் மிஞ்சும். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

நாங்கள் இரண்டாம் முறை சென்றது ஏப்ரல் நடுவில். பாதையின் மூன்றாவது வளைவில் காவலர் ஒருவர் கையை உயர்த்தி, "தாயும் குட்டியும் கடக்குதுங்க, அப்படியே நில்லுங்க பாப்பா" என்று என் மகளிடம் மெல்லச் சொன்னார். எங்களிடமிருந்து பத்தடித் தொலைவில் ஒரு பெட்டை ஆடு சாலையோரக் கல்லின் மேல் ஏறி நின்றது. பின்னோக்கி வளைந்த கொம்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடும் வரைகள், மூச்சு விடும்போது அசையும் ஈர மூக்கு, புல்லை நறுக்கென்று கடிக்கும் ஓசை எல்லாம் தெளிவாகப் புலப்பட்டன. இரண்டு மாதம் நிரம்பியிருக்கக்கூடிய குட்டி, ஏறக்குறைய செங்குத்தான பாறையில் நான்கு குளம்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்து நின்று, எங்களைப் பார்த்துவிட்டு, தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்தது. சங்கப் பாடல்களில் இந்த ஆடு வருடை என்ற பெயரில் வருவதை வகுப்பில் படித்திருந்த மகள், வீடு திரும்பும் வரை அந்தக் குளம்புகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். முதுகில் வெளிறிய சேணம் போட்டதுபோல் தோன்றும் முதிர்ந்த கிடாக்களைக் காண விரும்புவோர், அவை மந்தையோடு சேரும் மழைக்காலத்தில் செல்ல வேண்டும். குட்டிகளைக் காண ஏப்ரலே ஏற்ற காலம்.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது, அது நிறுத்தப்படும் நாட்களை. ஆடுகள் குட்டி ஈனும் காலத்தை ஒட்டி, வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ராஜமலை பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. ஒரு பெட்டை பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் ஈனும். சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் தப்பி அந்தக் குட்டி முதல் சில வாரங்களைக் கடப்பதில்தான் மந்தையின் அடுத்த ஆண்டு அடங்கியிருக்கிறது. வருமானம் வரும் இரண்டு மாதங்களை அந்தக் குட்டிக்காக விட்டுக்கொடுப்பது சிறிய முடிவன்று. விடுப்பு எடுத்து வந்தபின் பூங்கா மூடியிருக்கிறதே என்று வருந்துவோர், பயணத்தைத் திட்டமிடும்போதே இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே ஆடுகள் மனிதர்களைக் கண்டு மிரளாமல் இருப்பதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. இந்த உயர்மலை ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்கென ஒதுக்கிப் பேணிய நிலம். முதுவர் பழங்குடியினர் அதன் காவலர்களாக இருந்தார்கள். 1971-இல் கண்ணன் தேவன் மலைகளின் நிலங்களை அரசு மீட்டெடுக்கச் சட்டம் வந்தது. 1975-இல் இரவிகுளம் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான 2,695 மீட்டர் ஆனைமுடி இதற்குள் இருக்கிறது. தேயிலையும் தைல மரமும் சூழ்ந்த மலைகளுக்கு நடுவே இந்தப் புல்வெளி உழப்படாமலும் மரம் நடப்படாமலும் தப்பியதால்தான் ஆடுகளும் தப்பின.

இனி, முதல் பயணத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. இந்த ஆடுகள் வேறு எங்கே இருக்கின்றன? 2025 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் கணிக்கப்பட்டன: கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. அவற்றில் 841 இரவிகுளத்தில் மட்டும். அதாவது உலகில் உள்ள வரையாடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை இந்த ஒரே பூங்காவில் இருக்கின்றன. மற்றவை நீலகிரியிலிருந்து அகத்தியமலைப் பக்கம் வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகளில் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறியிருக்கின்றன. ஒரு முகட்டில் இருக்கும் இருபது, முப்பது ஆடுகள் தேயிலைத் தோட்டத்தையும் அணையையும் சாலையையும் கடந்து அடுத்த முகட்டுக்குப் போக முடியாதபோது, ஒரு நோயோ ஒரு காட்டுத்தீயோ அந்தக் கூட்டத்தை முற்றிலும் இல்லாமல் ஆக்கிவிடலாம். காலியான இடத்தை நிரப்ப வேறு ஆடுகள் வந்து சேராது. ராஜமலையில் நாம் பார்ப்பது விதிவிலக்கு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் அங்கே நடக்கும் ஒவ்வோர் அடியும் வேறு பொருள் தருகிறது.

ஆகவே மீட்புத் திட்டம் என்பது ஆட்டைக் காப்பதோடு நிற்பதன்று. முகடுகளை மீண்டும் ஒன்றோடொன்று இணைப்பதும் அதில் அடங்கும். தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாய் ஒதுக்கி, 2023 அக்டோபரில் தொடங்கிய நீலகிரி வரையாடு திட்டம் அந்த நோக்கில் அமைந்திருப்பது எனக்கு நிறைவளிக்கிறது. ஒரே நேரத்தில் கணக்கெடுப்பது, ஆடுகளுக்குக் கழுத்துப்பட்டை அணிவித்து நடமாட்டத்தைப் பின்தொடர்வது, நோயுற்றவற்றுக்குச் சிகிச்சை, நீலகிரியின் மேல் பவானிப் பகுதியில் சோலை எனும் மலைக்காடுகளை ஒட்டிய புல்வெளியை மீட்பது, ஆடுகள் முன்பு வாழ்ந்து மறைந்த இடங்களில் மீண்டும் விடுவது எனப் பணிகள் வகுக்கப்பட்டுள்ளன. 1975-இல் இந்த இனத்தைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த ஈ. ஆர். சி. டேவிடாரைப் போற்றும் வகையில் அக்டோபர் 7, வரையாடு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கணக்கெடுப்பு முறையிலும் ஓர் அழகு இருக்கிறது. ஒரே பாதையில் இரண்டு குழுக்கள் சற்று இடைவெளி விட்டு நடந்து, ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்லாமல் தனித்தனியே குறித்துக்கொள்கின்றன. பிறகு இரண்டையும் ஒப்பிட்டால், இரு குழுவின் கண்ணுக்கும் தப்பியவை எத்தனை இருக்கலாம் என்று கணிக்க முடிகிறது. மூடுபனியில் பாறை நிறத்தில் நிற்கும் விலங்கை எண்ணுவதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை.

புல்வெளியை மீட்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. நீலகிரி மக்கள் சீகை மரம் என்று அழைக்கும் வாட்டில், தோல் பதனிடும் பட்டைக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இந்தப் புல்வெளிகளில் நடப்பட்டது. அதை வெட்டினால் வேலை முடிந்துவிடாது, ஏனென்றால் மண்ணில் கிடக்கும் விதைகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்து, வெயில் பட்டதும் அடர்ந்து முளைக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஆட்கள் சென்று கன்றுகளைப் பிடுங்கியாக வேண்டும். நிழலடியில் இறந்துபோன புல்லின் இடத்தில் அந்த மலைக்கே உரிய புல்லைத் தேடிக் கொண்டுவந்து ஊன்ற வேண்டும். மூணாறுக்கு அருகிலேயே ஆனைமுடிச் சோலைத் தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில், வாட்டில் நின்ற நிலத்தில் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து புல்வெளியைத் திரும்ப உருவாக்கி வருகிறார்கள். ஆடுகளை வண்டியில் ஏற்றி வேறு மலையில் விடுவதும் எளிதன்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள ஆடுகளும் தெற்கே உள்ளவையும் மரபணு அளவில் வேறுபட்டவை என்பதால், எந்த மலைக்கு எந்த மலையின் ஆடு என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

பார்வையாளர்கள் செய்யும் தீங்கையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு முன்னால் நடந்த குடும்பம் ஒன்று, படம் எடுப்பதற்காகக் குட்டியை நோக்கிப் பிஸ்கட்டை நீட்டியது. காவலர் விரைந்து வந்து தடுத்தார். மனிதர் கையிலிருந்து தின்னப் பழகும் ஆடு புல்லை விட்டுப் பாதையோரத்திலேயே நிற்கத் தொடங்கும். நம்மிடமிருந்து நோய் தொற்றவும் வழியாகும். கையை நீட்டாதீர்கள், தடுப்பைத் தாண்டாதீர்கள், குட்டியைச் சுற்றி நிற்காதீர்கள். குழந்தைகளுக்கு நுழைவிடத்திலேயே சொல்லி வையுங்கள்.

நேரம் இருந்தால் உடனே ஊர் திரும்பாமல், மறுநாள் மூணாறுக்குக் கிழக்கே உள்ள வட்டவடை என்ற மலையூர்ப் பக்கம் ஒரு முறை வண்டியில் சென்று வாருங்கள். ராஜமலையில் வெறும் புல்லும் பாறையுமாகப் பார்த்த அதே உயரத்து மலைகள் அங்கே வரிசை வரிசையாகத் தைல மரமும் வாட்டிலும் போர்த்தி நிற்பதைக் காணலாம். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, என் மகள் எதிர்ச்சரிவின் பாறைகளை நெடுநேரம் தேடிப் பார்த்தாள். மரங்களுக்கு மேலே பாறை நன்றாகத்தான் இருந்தது, அதன் மேல் ஆடு எதுவும் நிற்கவில்லை.