ஸ்ட்ரெப் தொண்டை கிட்: வாங்கலாம், கல்ச்சருக்கும் வழி செய்துகொண்டு

தொண்டை வலி தரும் பாக்டீரியாவான ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸை (சுருக்கமாக ஸ்ட்ரெப்) ஐந்து நிமிடத்தில் காட்டும் கேசட் கிட் சென்னையின் குழந்தைகள் கிளினிக்குகளுக்கும் சிறு லேப்களுக்கும் வாங்கத் தகுந்த பொருள்தான். பாசிட்டிவ் வந்தால் தயங்காமல் மருந்து தொடங்கலாம். நெகட்டிவ் வந்தால், குழந்தை என்றால், அதோடு நிறுத்தக் கூடாது, கல்ச்சரும் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) செய்ய வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இவ்வகை கிட்களின் சென்சிடிவிட்டி (நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன்) சுமார் 86%, ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவரை நெகட்டிவ் என்று காட்டும் திறன்) சுமார் 95%. அதாவது ஸ்ட்ரெப் உள்ள நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 14 பேர் இதன் கண்ணில் படமாட்டார்கள். ஸ்ட்ரெப்புக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலும் அதன்பின் இதய வால்வு கெடுவதும் இன்னும் நடக்கிற ஊரில் இது சிறிய எண் அல்ல.

கிருமியின் சுவரில் உள்ள ஏ பிரிவு கார்போஹைட்ரேட்டைத்தான் கிட் தேடுகிறது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் 1933-இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களை எந்தப் பொருளை வைத்து ஏ, பி என்று வகை பிரித்தாரோ, அதே பொருள். கிட்டில் இரண்டு ரியேஜன்ட் (சோதனைத் திரவம்) பாட்டில்கள் உண்டு: ரியேஜன்ட் ஏ சோடியம் நைட்ரைட், ரியேஜன்ட் பி அசிட்டிக் அமிலம். இரண்டும் கலந்தால் உண்டாகும் நைட்ரஸ் அமிலம் அந்தக் கார்போஹைட்ரேட்டைப் பிரித்தெடுக்கிறது. இந்த அமிலம் நிலைக்காது. முன்கூட்டியே கலந்து வைத்தால் வீணாகிவிடும்.

செய்முறை எளிது, ஆனால் பெரும்பாலான தவறுகள் முதல் பத்து நொடியிலேயே நடந்துவிடுகின்றன. நாக்கை அழுத்தி, வெளிச்சம் அடித்து, இரண்டு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் ஸ்வாபால் (நுனியில் இழை சுற்றிய குச்சி) நன்றாகத் தேய்க்க வேண்டும். சீழ் தெரிந்தால் அந்த இடத்தில் கட்டாயம் தேய்க்க வேண்டும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பட்டால் எச்சில்தான் வரும், கிருமி வராது. குழந்தை ஓங்கரித்தால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கிட்டோடு வரும் ரேயான் ஸ்வாபையே பயன்படுத்துங்கள். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு வேண்டாம்.

டியூபில் ஏ நான்கு சொட்டு, பி நான்கு சொட்டு என்பது பெரும்பாலான கிட்களின் அளவு. பல கிட்களில் ஏ சிவப்பாக இருக்கும், பி சேர்ந்ததும் நிறம் மாறும். மாறாவிட்டால் ஏதோ ஒரு பாட்டில் விடுபட்டிருக்கிறது, அல்லது கெட்டிருக்கிறது. ஸ்வாபை உள்ளே விட்டுப் பத்து முறை சுழற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, டியூபைப் பிசைந்து ஸ்வாபை வெளியே எடுக்க வேண்டும். கேசட் குழியில் மூன்று சொட்டு, ஐந்தாம் நிமிடம் பார்க்க வேண்டும். டி கோடு (டெஸ்ட் கோடு) மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகு தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் சி கோடு (கன்ட்ரோல் கோடு) வரவில்லை என்றால் கேசட்டைத் தூக்கிப்போட்டு, புது ஸ்வாபோடு மறுபடி செய்ய வேண்டும்.

பெட்டியில் 2 முதல் 30 டிகிரி வரை என்று அச்சிட்டிருக்கும். அறை வெப்பம் போதும் என்று இதைப் படித்துக்கொள்கிறார்கள். சித்திரை, வைகாசியில் மதியம் பூட்டிக் கிடக்கும் ஏ.சி. இல்லாத கிளினிக்கில் 30 டிகிரி எப்போதோ தாண்டியிருக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். எடுத்ததும் உறையைக் கிழிக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கேசட்டில் வியர்த்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரித்து உடனே செய்யுங்கள். கடைக்காரர் இருசக்கர வண்டியில் வெயிலில் கொண்டுவந்த பெட்டி என்றால், நோயாளிக்குப் போடுமுன் கூடவே வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல்களை (விடை முன்பே தெரிந்த மாதிரிகள்) ஓட்டிப் பாருங்கள்.

இனி நெகட்டிவ். முதலிலேயே இரண்டு ஸ்வாபைச் சேர்த்துப் பிடித்து எடுத்துவிடுவது நல்லது. ரியேஜன்டில் தோய்த்த ஸ்வாபில் கிருமி செத்துவிடும், அதைக் கல்ச்சருக்கு அனுப்பிப் பயனில்லை. இரண்டாவதை டிரான்ஸ்போர்ட் மீடியத்தில் (கிருமியை உயிரோடு வைத்திருக்கும் ஊடகம்) போட்டு அன்றே லேபுக்கு அனுப்புங்கள். லேபைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி கேட்டால் போதும்: பிளட் அகார் (கிருமி வளர்க்கும் இரத்தம் கலந்த தட்டு) எந்த இரத்தத்தில் செய்கிறீர்கள்? 5% செம்மறியாட்டு இரத்தம் என்றால் சரி. இரத்த வங்கியில் காலாவதியான மனித இரத்தம் என்றால் வேறு லேப் பாருங்கள். அதிலுள்ள எதிர்ப்பொருள்களும் மருந்து மிச்சமும் கிருமி வளர்வதையும் பீட்டா ஹீமோலிசிஸ் (கிருமியைச் சுற்றி இரத்தம் சிதைந்து தெளிவாகும் வளையம்) தெளிவாகத் தெரிவதையும் கெடுக்கும். 24 மணி நேரத்தில் வளரவில்லை என்றாலும் 48 மணி வரை வைத்துப் பார்க்கிற லேபாக இருக்கட்டும். இந்தத் தாமதத்தால் ஆபத்தில்லை. நோய் தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும்.

யாருக்குச் செய்வது என்பதில்தான் கிட்டின் காசு வீணாகிறது. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு இருந்தால் அது பெரும்பாலும் வைரஸ். கிட்டைத் தொடவே வேண்டாம். 5 முதல் 15 வயது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இருமல் இல்லை, கழுத்தின் முன்பக்க நெறி (நிணநீர்க் கணு) வீங்கி வலிக்கிறது, டான்சிலில் சீழ்: இந்தக் கூட்டத்துக்குத்தான் கிட். எல்லோருக்கும் போட்டால், தொண்டையில் ஸ்ட்ரெப்பைச் சும்மா சுமந்து திரியும் குழந்தைகள் பாசிட்டிவாக வந்து, தேவையில்லாமல் மருந்து சாப்பிடுவார்கள். செத்த கிருமியையும் கிட் காட்டும், எனவே மருந்து முடிந்தபின் குணமானதா என்று பார்க்க இது உதவாது. டான்சிலில் சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருந்தால் டிஃப்தீரியாவை நினைத்து உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கிட் என்ன சொன்னாலும் சரி.

இதற்குப் பதில், ஸ்ட்ரெப்புக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் ஏ.எஸ்.ஓ. இரத்தப் பரிசோதனை எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது வேண்டாம். ஏ.எஸ்.ஓ. உச்சத்துக்கு ஏற மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். ருமாட்டிக் காய்ச்சல் சந்தேகத்தில், மூட்டு வீக்கத்தோடு வரும் குழந்தைக்கு அது உதவும், இன்று தொண்டை வலிக்கும் குழந்தைக்கு உதவாது.

கேசட், ஸ்டிரிப் இரண்டும் கிடைக்கின்றன. ஸ்டிரிப் மலிவு, ஆனால் கோட்டுக்கு மேல் முக்கினால் கெடும். பலர் கைமாறிச் செய்யும் இடத்துக்குக் கேசட்டே நல்லது. பெட்டி 20 அல்லது 25 டெஸ்டாக வரும். வாரத்துக்கு ஓரிருவர்தான் வருகிறார்கள் என்றால் காலாவதிக்கு ஆறு மாதமாவது மீதமுள்ள பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பாசிட்டிவ் வந்தவருக்கு அமாக்சிசிலின் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.கி., 1 கிராமுக்கு மிகாமல், பத்து நாள் முழுக்க. பென்சிலினை எதிர்த்து நிற்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப் நோயாளிகளிடம் பரவவில்லை. அசித்ரோமைசினை எதிர்ப்பவை உண்டு, ஆகவே பென்சிலின் அலர்ஜி இல்லாதவருக்கு அதை எழுத வேண்டியதில்லை.