குளிர் அறையில் காயில் மாற்றப்போகிறவர்கள் கவனத்துக்கு

திருச்சியில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம். இன்சுலினும் தடுப்பூசிகளும் வைக்கும் குளிர் அறை 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். அறையைக் குளிர்விக்கும் பழைய காயிலில் (குளிர்பதனப் பொருள் ஆவியாகி ஓடும் குழாய்ச் சுருள்) கசிவு கண்டதும் ஓர் ஒப்பந்ததாரரை அழைத்தோம். "உள்பக்கம் வரி போட்ட செம்புக் குழாய், பழையதைவிட நன்றாகக் குளிரும்" என்று கூடுதல் விலை வாங்கிக்கொண்டு புதுக் காயில் மாட்டினார். அறை 10 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தது.

ஒவ்வொரு முறையும் அழுத்தமானியை (கேஜை) மாட்டிப் பார்ப்பார்; "சக்‌ஷன் அழுத்தம் (கம்பிரசர் ஆவியை இழுக்கும் பக்கத்து அழுத்தம்) குறைவு, கேஸ் போதவில்லை" என்பார்; ஆர்134ஏ என்ற குளிர்பதன வாயுவை ஏற்றிவிட்டு பில்லை நீட்டுவார். திரவக் குழாயின் பார்வைக் கண்ணாடியில் ஒரு குமிழிகூட இல்லை. கேஸ் குறைந்தால் அங்கே குமிழி ஓட வேண்டாமா என்று கேட்டால், "உங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்." கடைசியில் கம்பிரசரையே மாற்றச் சொன்னார்.

பிறகு வந்த வயதான மெக்கானிக் காயிலின் இரு முனைகளிலும் அழுத்தத்தை அளந்தார். நுழைவில் 28 பி.எஸ்.ஐ., வெளியேறும் இடத்தில் 14. ஆர்134ஏ 28-இல் சுமார் 0 டிகிரியில் கொதிக்கும், 14-இல் மைனஸ் 10-இல். அதனால்தான் காயிலின் ஒரு முனை வெறும் ஈரமாகவும் மறுமுனை பனிக்கட்டி மூடியும் இருந்திருக்கிறது. கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தெரிகிற அடையாளம் இது.

குற்றம் வரிகள்மீது இல்லை. 0.2 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தச் சாய்ந்த வரிகள் திரவத்தைக் குழாய்ச் சுவரெங்கும் பரப்பி வெப்பத்தை நன்றாகவே இழுக்கின்றன. அதற்கு ஈடாக அழுத்த இழப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். பழைய காயிலில் நான்கு கிளைகளாக ஓடிய குளிர்பதனப் பொருளை ஒப்பந்ததாரர் இரண்டே கிளைகளில் ஓட விட்டிருந்தார். வளைவுக் குழாய்களிலும் பற்றவைப்புக் கூலியிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கிறார். கிளை பாதியானால் ஒவ்வொன்றிலும் ஓட்டம் இரட்டிப்பு, நீளமும் இரட்டிப்பு. உராய்வு இழப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு. திரவம் ஆவியாகும்போது கன அளவு நூறு மடங்குக்கு மேல் பெருகுவதால், வேகமும் இழப்பும் குழாயின் பின்பாதியில்தான் உச்சம் தொடும். அழுத்தம் தாழ்ந்த ஆவி அடர்த்தியும் குறைந்தது. அதை இழுக்கும் கம்பிரசர் எவ்வளவு ஓடியும் என்ன பயன்? அதன்மேல் இன்னும் கேஸ் ஏற்றியதில், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் பக்க அழுத்தம் ஏறி, மின்கட்டணம் எகிறியதுதான் மிச்சம்.

காயில் மாற்றுகிறவர்கள் விலைப்புள்ளியில் குழாய் விட்டத்தோடு கிளைகளின் எண்ணிக்கையையும், இரு முனைகளுக்கு இடையே கொதிநிலையில் எத்தனை டிகிரி வேறுபாடு வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒன்றிரண்டு டிகிரி என்றால் சரி. கேஸ் ஏற்றச் சொன்னால் உருளையைத் தராசில் வைத்த பிறகே ஏற்ற விடுங்கள். புதியது ஒழுங்காக ஓடும்வரை பழைய காயிலை வெளியே அனுப்பாதீர்கள். எங்களுடையதை ஒப்பந்ததாரர் "பழைய செம்புதானே" என்று அன்றே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார், ஒப்பிட்டுக் காட்ட இப்போது கையில் எதுவும் இல்லை.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். செம்பின் எடை விலைப்புள்ளியில் சொன்னபடியே இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது.