அடங்காத ஆண் நாய்க்கு எது சரி: சோக் செயினா, ஈரலா, பயிற்சி விடுதியா, காயடிப்பா?

குட்டியில் காலைச் சுற்றிச் சுற்றி வந்த ராஜபாளையமோ ராட்வெய்லரோ இரண்டு வயதைத் தாண்டியதும் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. ஆளுக்கொரு வைத்தியமும் சொல்வார்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நேற்றுவரை கேட்ட நாய் திடீரென்று முரண்டு பிடித்தால் காதில் சீழ், இடுப்பு வலி, உண்ணிக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருக்கலாம். வலியில் இருக்கும் நாய்க்குப் பயிற்சி ஏறாது, மருத்துவம்தான் வேண்டும்.

முதலில் பழக்க வேண்டிய சொல் 'உட்கார்' அல்ல, 'வா'. ராகி விளையும் பருவத்தில் ஜவளகிரி காட்டை ஒட்டி யானைகள் வயலுக்கு இறங்கும் ஊர்கள் இவை. யானையைக் குரைத்துச் சீண்டிவிட்டு ஓடிவரும் நாய் நேராக வீட்டு ஆளிடம்தான் வரும், பின்னாலேயே யானையும் வரும். போகும்போதே நிறுத்திக் கூப்பிட முடிகிற நாய்தான் அங்கே காவல் நாய்.

சோக் செயின்: இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி. விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரு நொடி சுண்டி உடனே தளர்த்த வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. அதற்கு வளையம் தானாகத் தளரும் பக்கமாக மாட்டியிருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் இறுகியது இறுகியதுதான். நடப்பில் பெரும்பாலோர் சுண்டுவதில்லை, பிடித்து இழுத்துக்கொண்டே போகிறார்கள். நாயும் எதிர்த்து இழுக்கிறது, மூச்சுக்குழாய் நசுங்கி இருமுகிறது. இன்னும் மோசமானது நாய் அதிலிருந்து படிக்கும் பாடம். எதிரே இன்னொரு நாய் வரும்போதெல்லாம் கழுத்து வலித்தால், அந்த நாய்தான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டும், சண்டை கூடும். உறுமும்போது அடித்தால் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது. பிறகு முன்னறிவிப்பே இல்லாமல் பல் பதியும்.

'நான்தான் தலைவன் என்று காட்டணும்' என்ற பேச்சுக்கு மூலம், கூண்டில் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாமல் அடைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதிய ஆய்வு. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பன் பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-ல் எழுதிவிட்டார். நம்மூரில்தான் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மின் அதிர்ச்சி கொடுக்கும் ஷாக் பெல்ட்டும் இதே கதைதான், வலி இன்னும் கூர்மை. வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

நீளக் கயிறும் ஈரலும்: எங்கள் ஓட்டு இதற்குத்தான். மார்போடு சுற்றும் ஹார்னஸ் ஒன்று, 10 மீட்டர் நீளத்தில் பட்டையான கயிறு ஒன்று. கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள், ஓடிப்போய் வெடுக்கென்று நின்றால் கழுத்து போய்விடும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, 35 கிலோ நாய் இழுத்தால் விரல் முறியும்.

கோழி ஈரலை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்துக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்குங்கள். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், அதனால் குழம்புக் கறி ஆகவே ஆகாது. தினமும் ஈரலே கொடுத்தால் கழிச்சல் வரும், ஒருநாள் விட்டு ஒருநாள் வெறும் கோழிக்கறி கொடுங்கள். வயிறு முட்டக் களி தின்ற நாய் ஈரலை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடும். ஆகவே பயிற்சி சாப்பாட்டுக்கு முன்பு. ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இரண்டு மீட்டர் தள்ளி நின்று பேர் சொல்லி 'வா' என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். தலை திரும்பிய கணமே 'சபாஷ்'. முழங்காலருகில் வந்ததும் பட்டையை ஒரு கையால் தொட்டுக்கொண்டே ஈரலைக் கொடுங்கள், பிறகு திரும்ப ஓட விட்டுவிடுங்கள். இந்த 'விட்டுவிடுவது'தான் பலர் கோட்டை விடும் இடம். கட்டிப்போட மட்டுமே கூப்பிட்டால் 'வா' என்றால் ஆட்டம் முடிந்தது என்று நாய் புரிந்துகொள்ளும். அப்புறம் எந்த மடையன் வருவான்? பத்துக்கு எட்டுத் தடவை வந்தால் தூரத்தைக் கூட்டுங்கள். முற்றத்துக்குப் பிறகு மாந்தோப்பு, அப்புறம் தெரு, கடைசியாகத்தான் ஆட்டு மந்தை கண்ணில் படும் இடம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த இடத்தில் மொத்தமும் சரியும்.

வேறு இரண்டு தவறுகளும் உண்டு. ஈரலைக் காட்டிக் கூப்பிடுவது: கை காலியாக இருந்தால் வராது. ஆளுக்கொரு சொல் வைப்பது: ஓசூர் வீடுகளில் பாட்டி தெலுங்கில், மருமகள் கன்னடத்தில், பிள்ளைகள் இங்கிலீஷில் கூப்பிட்டால் நாய் என்ன செய்யும்? எந்த மொழியானாலும் ஒரே சொல். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

பயிற்சி விடுதி: மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால் நாய் பயிற்சியாளர் சொல் கேட்கும். வீட்டுக்கு வந்த சில நாளில் பழைய குருடி கதைதான், ஏனென்றால் பழக வேண்டியது நீங்களும்தான். முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்க விடுவார்களா, என்ன கருவி பயன்படுத்துகிறார்கள், உங்களுக்கும் சொல்லித் தருவார்களா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கே இழுத்தால் திரும்பிவிடுங்கள். அதே பணத்தில் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் ஆளை வைப்பது மேல்.

காயடிப்பு: பெட்டை வாடைக்குச் சுவரேறிக் குதிப்பது, கண்ட இடத்தில் மூத்திரம் விடுவது, ஏறுவது இதெல்லாம் பல நாய்களில் குறையும். சொல்பேச்சு தானாக வராது. பயத்தில் கடிக்கும் நாய்க்கு இது மருந்தும் அல்ல, சில நாய்களில் பயம் கூடிவிடுவதும் உண்டு. அறுவைக்குப் பிறகும் சில வாரம் சினைப்படுத்தும் திறன் இருக்கும், பெட்டையோடு விடாதீர்கள். தீனியைக் கால்பங்கு குறைக்காவிட்டால் கொழுத்துவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பார்த்ததைத் துரத்தவே பிறந்த இனங்கள் அவை. 'வா' எவ்வளவு பழகியிருந்தாலும் முயல் ஓடினால் காது அடைத்துவிடும். திறந்த வெளியில் கயிறு இல்லாமல் விட வேண்டாம், வேலி ஆறடி இருக்கட்டும்.

ஏற்கெனவே ஆளைக் கடித்த நாய் என்றால் நான்கில் எதுவும் முதல் வேலை அல்ல. கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வீட்டு நாய்தானே என்று விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்கும்போது, வாய் திறந்து இளைக்க இடமுள்ள கூடை வாய்மூடியை, உள்ளே ஈரல் வைத்து, அதுவாக மூக்கை நுழைக்கும்வரை பொறுத்துப் பழக்குங்கள்.