மெதுவோட்டமா, இன்டர்வெலா, டெம்போவா? 10 கிலோமீட்டர் நேரத்தைக் குறைக்கும் வழி எது?

வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறீர்கள். உடம்புக்கு ஓட்டம் பழகிவிட்டது. முன்போல மூச்சு முட்டுவதில்லை, முழங்கால் வலியும் இல்லை. ஆனால் 10 கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் மட்டும் 62 நிமிடத்தை விட்டு நகர மறுக்கிறது. இந்த நிலையில் யாரிடம் யோசனை கேட்டாலும் இரண்டில் ஒன்று கிடைக்கும். "இன்னும் மெதுவாக, இன்னும் நிறைய ஓடுங்கள், வேகம் தானாக வரும்" என்பார் ஒருவர். "வேகமாக ஓடிப் பழகாத காலுக்கு வேகம் எங்கிருந்து வரும்? மைதானத்துக்குப் போய்ச் சுற்றுச் சுற்றாக விரட்டி ஓடுங்கள்" என்பார் இன்னொருவர். இரண்டு யோசனைகளுக்குப் பின்னாலும் ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் இருப்பதால் எதையும் சுலபமாகத் தள்ளிவிட முடிவதில்லை.

மூன்றாவதாக டெம்போ என்ற ஒன்றும் இருக்கிறது: சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் ஓடிப் பழகுவது. மூன்று வழிகளிலும் மாதக்கணக்கில் ஓடிப் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிகிற, 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிக்கிற ஒருவருக்கு டெம்போவே முதன்மையான பயிற்சி. மற்ற இரண்டும் அதைச் சுற்றி அமைய வேண்டும். இனி, அந்த 62 நிமிட ஓட்டக்காரரை மனத்தில் வைத்துக்கொண்டே மூன்றையும் பார்ப்போம்.

மெதுவாக, நிறைய

இந்த வழிக்கு மிகப் பெரிய சாட்சி நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். 800 மீட்டர் ஓடுகிறவனையும் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓட வைத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்துக்கு அருகே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் தனி. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் போட்டிக்கு இத்தனை தூரம் எதற்கு என்ற கேள்விக்கு 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் பதில் கிடைத்தது. அவருடைய மாணவர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள்.

மெதுவோட்டம் உடம்புக்குள் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாதது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. தசை நார்களைச் சுற்றி நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. தசைக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடுகிறது. கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகுவதால், சேமித்து வைத்த சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை. இவற்றையெல்லாம் பெறுவதற்கு மூச்சிரைக்க ஓட வேண்டியதில்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். 62 நிமிடக்காரருக்கு அது கிலோமீட்டருக்கு 7:15 முதல் 8:00 நிமிடம் வரை இருக்கும். பலருக்கு இது வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகத் தோன்றுகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த வேகத்தில்தான் மறுநாளும் ஓடும் தெம்பு மிஞ்சும்.

ஆனால் லிடியார்டைக் காட்டி மெதுவோட்டத்தை மட்டும் பரிந்துரைப்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். அவருடைய மாணவர்கள் ஓடிய அந்த 160 கிலோமீட்டர் ஆற அமர ஓடிய ஓட்டம் அல்ல, நன்றாக உழைத்து ஓடியது. அந்த அடித்தளம் முடிந்ததும் மேட்டுப் பயிற்சியும் மைதானத்தில் வேகப் பயிற்சியும் கட்டாயம் வந்தன. இரண்டாவது, அளவு. 160 கிலோமீட்டர் ஓட அவர்களுக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கும். நம் ஓட்டக்காரர் அதே தூரத்தை 7:30 வேகத்தில் ஓடினால் வாரத்தில் 20 மணி நேரம் போய்விடும். அவரிடம் இருப்பது நான்கு மணி நேரம்.

இப்போது எல்லோரும் சொல்லும் 80-20 கணக்கிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், உயர்மட்டத் தாங்குதிறன் வீரர்களின் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு எளிதாகவும் ஒரு பங்கு கடுமையாகவும் இருப்பதைக் கவனித்துச் சொன்னார். அது உண்மை. ஆனால் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பயிற்சி செய்கிறவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது இரண்டு கடுமையான பயிற்சிகள். நான்கு நாள் ஓடுகிறவருக்கு அதே விகிதம் ஒரு முழுப் பயிற்சியைக்கூடத் தராது. விகிதத்தை அப்படியே பிடித்துக்கொள்வதைவிட அதன் உட்பொருளை எடுத்துக்கொள்வது நல்லது: எளிதான நாள் உண்மையாகவே எளிதாக இருக்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறோம். நானும் இரண்டு வருடம் இப்படித்தான் ஓடினேன். ஒவ்வொரு நாளும் சற்றே மூச்சு வாங்கும் ஒரே நடு வேகம். மெதுவோட்டத்தின் பலன் கிடைக்க அது கூடுதல் வேகம், டெம்போவின் பலன் கிடைக்கக் குறைந்த வேகம். களைப்பு மட்டும் தவறாமல் வந்தது.

இன்டர்வெல்: கடுமையான சுற்று, இடையில் ஓய்வு

இந்த முறையை அறிவியலாக வளர்த்தவர் ஜெர்மனியின் வோல்டெமார் கெர்ஷ்லர். இதயநோய் நிபுணர் ஹெர்பர்ட் ரைண்டெலுடன் சேர்ந்து, வேகமான சுற்றுக்குப் பிறகு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-க்கு இறங்கியதும் அடுத்த சுற்று என்று ஓய்வுக்கே அளவு வைத்தவர். அவருடைய மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலானில் 800 மீட்டரை 1:46.6-இல் ஓடி, அதுவரை இருந்த உலக சாதனையிலிருந்து 1.8 விநாடியைக் குறைத்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாடோபெக்கும் 400 மீட்டர் சுற்றுகளை நாளுக்குப் பல பத்து முறை ஓடிப் பழகியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். அந்த மாரத்தான் அவர் வாழ்க்கையில் ஓடிய முதல் மாரத்தான்.

நேரமில்லாதவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ரோஜர் பானிஸ்டர். மருத்துவ மாணவரான அவர் மதிய உணவு இடைவேளையில் பயிற்சி செய்தவர். கால் மைல் வீதம் பத்துச் சுற்று, இடையில் ஓய்வு. அந்தச் சுற்றுகளின் நேரம் 66 விநாடியிலிருந்து மெல்ல 61-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அப்போது அவர் பயிற்சியை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது சுற்றுகள் 59-இல் முடிந்தன. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைலை 3:59.4-இல் ஓடினார். இன்டர்வெல் முறையைப் புகழ்கிறவர்கள் அந்தப் பத்துச் சுற்றுகளை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஓய்வு நாட்களையும் வைத்திருக்க வேண்டும்.

உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவைக் கூட்ட இதற்கு இணையான பயிற்சி இல்லை. பலனும் சில வாரங்களிலேயே தெரியும். இழப்பும் அதே வேகத்தில் வரும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும், குதிகால் தசைநாரும் கெண்டைக்கால் எலும்பும் பழக மாதங்கள் வேண்டும். அந்த இடைவெளியில்தான் காயங்கள் நேர்கின்றன.

இன்னொரு குறையை மைதானத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என்னோடு ஓடும் ஒருவர், 10 கிலோமீட்டருக்கு 62 நிமிடம் எடுப்பவர், ஆறு முறை 400 மீட்டர் ஓட வந்தார். அவருடைய அப்போதைய நிலைக்கு ஒரு சுற்றுக்கு 2:23 சரியான நேரம். முதல் சுற்றை 2:02-இல் முடித்துவிட்டுச் சிரித்தபடி வந்தார். மூன்றாவது சுற்றில் தோள்கள் காது வரை ஏறியிருந்தன. ஐந்தாவதில் பாதம் தரையை அடித்துக்கொண்டே வந்தது. ஆறாவது சுற்று 2:46. முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றவர், "இன்றைக்குத்தான் நன்றாக உழைத்தேன்" என்றார். உழைத்தது உண்மை. ஆனால் சராசரி நேரம் சரியாக வந்தும் பயிற்சி நடக்கவில்லை. முதல் இரண்டு சுற்று ஸ்பிரிண்ட், கடைசி இரண்டு சுற்று தள்ளாட்டம். ஆறு சுற்றும் 2:23-ஐ ஒட்டி வந்து, ஏழாவது ஒன்றும் ஓடியிருக்கலாம் என்று தோன்றும்போது நிறுத்தியிருந்தால் அது இன்டர்வெல்.

டெம்போ: ஒரு மணி நேர வேகம்

ஓடும்போது தசையில் லாக்டேட் என்ற வேதிப்பொருள் உருவாகிறது, உடம்பு அதை எடுத்துப் பயன்படுத்தவும் செய்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகம் வரை வரவும் செலவும் சமமாக இருக்கும். அதைத் தாண்டினால் ரத்தத்தில் தேங்கத் தொடங்கும், சிறிது நேரத்தில் கால் கனக்கும். அந்த எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுவதுதான் டெம்போ. பயிற்சி பெற்ற ஒருவர் போட்டியில் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் அது.

இந்த ஒரு மணி நேரம் என்ற கணக்கை நம் ஓட்டக்காரரின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகத்தரமான ஆண் வீரர் 10 கிலோமீட்டரை 27 நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஒரு மணி நேரத்தில் அவர் ஏறக்குறைய அரை மாரத்தானையே முடித்துவிடுவார். ஆகவே டெம்போ வேகம் என்பது அவருக்கு அரை மாரத்தான் வேகம். நமக்கோ ஒரு மணி நேரம் என்பதே 10 கிலோமீட்டர். அதாவது நம் டெம்போ வேகமும் 10 கிலோமீட்டர் போட்டி வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே. எந்த வேகத்தை உயர்த்த ஆசைப்படுகிறோமோ, அதே வேகத்தில், உடம்பை உடைக்காமல், வாரந்தோறும் பயிற்சி செய்ய முடிகிறது. 27 நிமிட வீரருக்கு இந்த வசதி இல்லை. 10 கிலோமீட்டருக்காக அவர் செய்யும் பயிற்சியை நாம் அப்படியே எடுத்தால் பொருந்தாமல் போவது இதனால்தான்.

டெம்போவை ஒரே மூச்சில் ஓட வேண்டியதில்லை. ஒரு நிமிட ஓய்வோடு துண்டு துண்டாக ஓடும் முறையை அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் பரவலாக்கினார். நார்வேயில் ஓட்டவீரர் மாரியஸ் பாக்கன் இதையே ரத்த லாக்டேட்டை அளந்து அளந்து நுணுக்கமாக்கினார். இந்த வழியில் வளர்ந்த யாக்கோப் இங்கெப்ரிட்சென் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். அவர்கள் ஒரே நாளில் காலையும் மாலையும் செய்வதை நாம் பின்பற்ற வேண்டாம். துண்டாக்கும் யோசனை மட்டும் போதும்.

62 நிமிடக்காரர் இப்படித் தொடங்கலாம்: பத்து நிமிட மெதுவோட்டத்துக்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் வீதம் நான்கு முறை, ஒவ்வொன்றும் 6:12 முதல் 6:18-க்குள், இடையில் ஒரு நிமிட நடை. மூன்று வாரம் கழித்து ஐந்து முறை. பிறகு இரண்டு கிலோமீட்டர் வீதம் மூன்று முறை. சரியான வேகத்தில் இருக்கிறோமா என்பதைக் கடிகாரத்தைவிட மூச்சு நன்றாகச் சொல்லும். இரண்டு காலடிக்கு மூச்சு உள்ளே, இரண்டு காலடிக்கு வெளியே. மூன்று, நான்கு சொற்கள் சேர்ந்தாற்போலப் பேச வரும், முழு வாக்கியம் வராது. ஒற்றைச் சொல்தான் வருகிறது என்றால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். வெயிலும் புழுக்கமும் கூடிய நாளில் அதே மூச்சு 6:30-இல் வரலாம். அன்றைக்கு 6:30 தான் டெம்போ.

இதிலும் ஆபத்து உண்டு. வலி இல்லாத, ஆனால் சற்றுச் சங்கடமான வேகம் இது. அதனால் நல்ல நாளில் "இன்னும் கொஞ்சம்" என்று கால் நீளும், பயிற்சி போட்டியாகிவிடும்.

(ஃபார்ட்லெக் பற்றியும் ஒரு சொல். 1930-களில் ஸ்வீடனின் கோஸ்டா ஹோல்மெர் உருவாக்கிய முறை, வேகத்தை மனம்போல ஏற்றி இறக்கி ஓடுவது. கடிகாரம் சலித்துப்போனவர்களுக்கு மிக நல்லது. அளந்து முன்னேற வேண்டியவருக்கு அதை முதன்மைப் பயிற்சியாக நான் சொல்ல மாட்டேன்.)

உங்களுக்கு எது என்று பார்க்க

பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970-களில் ஒரு எளிய சூத்திரம் தந்தார். அதன்படி தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய 2.085 மடங்காகும். இதை வைத்து 10 கிலோமீட்டரை 62 நிமிடத்தில் ஓடும் இருவரைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாமவர் 5 கிலோமீட்டரை 26:30-இல் ஓடுகிறார். சூத்திரப்படி அவர் 10 கிலோமீட்டரை 55 நிமிடத்தை ஒட்டி முடிக்க வேண்டும். ஏழு நிமிடம் எங்கோ கசிகிறது. இவரிடம் வேகம் இருக்கிறது, தாங்கும் திறன் இல்லை. இவர் இன்டர்வெல் பக்கம் போகவே வேண்டாம். வாரத்தில் ஒரு டெம்போ, ஒரு நீண்ட மெதுவோட்டம், மற்ற இரண்டு நாளும் எளிதான ஓட்டம். நீண்ட ஓட்டத்தைச் சிறிது சிறிதாக ஒன்றே முக்கால் மணி நேரம் வரை கொண்டுபோகலாம்.

இரண்டாமவரின் 5 கிலோமீட்டர் நேரம் 29:40. சூத்திரம் சொல்வது 61:51. கசிவு ஏதும் இல்லை, வேகத்தின் மேல்வரம்பே தாழ்வாக இருக்கிறது. இவருக்கு டெம்போவோடு, ஒரு எளிதான நாளுக்குப் பதிலாக, ஆறு வாரத்துக்கு இன்டர்வெல் சேர்ப்பது பயன் தரும். இரண்டு கடினமான நாட்களுக்கு இடையில் குறைந்தது 48 மணி நேரம் விட வேண்டும். காயத்துக்கு அஞ்சுகிறவர் தட்டையான மைதானத்தை விட்டு, மிதமான மேட்டில் ஒரு நிமிட ஏற்றங்களாக இதைச் செய்யலாம். மேட்டில் தரையின் அதிர்ச்சி குறைவு, இதயத்துக்கு வேலை அதேதான்.

மாரத்தானுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 10 கிலோமீட்டரை ஒரு மணியில் ஓடுகிறவர் மாரத்தானை 4 மணி 36 நிமிடத்தில் முடிப்பார் என்று சூத்திரம் சொல்லும். வாரத்துக்கு 30 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற பலருக்கு அது கைக்கு எட்டுவதில்லை. 42.195 கிலோமீட்டருக்குத் தயாராகிறவருக்கு நான் மேலே சொன்ன வரிசை மாறும், நீண்ட மெதுவோட்டம் முதலிடத்துக்கு வந்துவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் பயிற்சி வேகத்தை இன்றைய நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். 59 நிமிடம் வேண்டும் என்பதற்காக 5:54-இல் டெம்போ ஓடத் தொடங்கினால் அது டெம்போவாக இருக்காது, வாரந்தோறும் ஒரு போட்டியாகிவிடும். 62 ஓடுகிறவருக்கு இன்றைக்கு 6:12 தான். ஆறு வாரம் கழித்து, இரண்டு நாள் எளிதாக ஓடியபின், ஒரு காலைப் பொழுதில் 5 கிலோமீட்டரை முழு முயற்சியில் ஓடிப் பாருங்கள். 29:00 வந்தால், சூத்திரப்படி உங்கள் 10 கிலோமீட்டர் 60:28. அடுத்த ஆறு வாரத்துக்கு உங்கள் டெம்போ வேகம் 6:03.